ஒரு நேர்காணல் காலை: 39 நிமிடத் தாமதத்தின் நிகழ்வு ஆய்வு

கணக்குப் பிரிவில் இளநிலைப் பணியிடம் ஒன்றுக்கு நேர்காணல். காலை 9.30 மணிக்குள் வந்து பதிவுசெய்ய வேண்டும் என்று அழைப்புக் கடிதம் கேட்டிருந்தது. விண்ணப்பதாரர் வரவேற்பு மேசையை அடைந்தது 10.09 மணிக்கு. ஆறு பேரில் முதல் ஆளாக 10 மணிக்கு அழைக்கப்பட வேண்டியவர், கடைசி ஆளாக 12.10 மணிக்கு அழைக்கப்பட்டார். மற்ற ஐவருக்கும் 25 நிமிடம் நடந்த நேர்காணல் அவருக்கு 15 நிமிடத்தில் முடிக்கப்பட்டது. அவர் தேர்வாகவில்லை.

வேலை தேடுவோருக்கு நேர்காணல் பயிற்சி அளிக்கும் பணியின் பகுதியாக, இந்தக் காலையைப் பற்றி விண்ணப்பதாரரிடமும் நேர்காணலை ஒருங்கிணைத்த அலுவலரிடமும் தனித்தனியே பேசி, கைபேசியில் பதிந்திருந்த அழைப்பு நேரங்களோடும் பயணச்சீட்டு நேரத்தோடும் அவர்கள் சொன்னவற்றை ஒப்பிட்டு இந்த ஆய்வை எழுதியிருக்கிறேன். இருவரின் ஒப்புதலோடுதான் இது வெளிவருகிறது. அவர்களையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

“நேரத்துக்கு எழவில்லை, ரயிலைத் தவறவிட்டார்” என்று இந்தக் காலையை ஒரு வரியில் முடித்துவிடலாம். விண்ணப்பதாரரே முதலில் அப்படித்தான் சொன்னார். நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அன்று காலை நேர்ந்த இடையூறுகளில் எதுவும் பெரியதல்ல. அவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கக்கூடிய தாமதம் முந்தைய இரவு போட்ட பயணக் கணக்கிலேயே அடங்கியிருந்தது. அந்தத் தாமதம் வாய்ப்பிழப்பாக மாறியதோ, அது தெரியவந்த நேரத்துக்கும் அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்ட நேரத்துக்கும் இடையில் கழிந்த ஒரு மணி நேரத்தில். இந்த மூன்றாவது செய்திக்காகவே இதை எழுதுகிறேன். இதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

நடந்தது

முந்தைய இரவு 10.40 மணிக்கு, படுக்கப் போகும் முன், விண்ணப்பதாரர் கைபேசி வரைபடச் செயலியில் பயண நேரத்தைப் பார்த்தார். வீட்டிலிருந்து நிலையத்துக்கு 10 நிமிட நடை, ரயிலில் 18 நிமிடம், பேருந்தில் 16 நிமிடம், கடைசியாக 8 நிமிட நடை என்று மொத்தம் 52 நிமிடம் காட்டியது. 8.15 மணிக்குப் புறப்பட்டால் 9.07 மணிக்குச் சென்றுவிடலாம், 23 நிமிடம் கையிருப்பு இருக்கும் என்று முடிவுசெய்து 6.30 மணிக்கு அலாரம் வைத்தார். கைபேசியை மின்னேற்றியில் மாட்டினார். ஆனால் செருகி சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அலாரம் 6.30க்கு ஒலித்தது. இருமுறை தள்ளிவைத்து 6.50 மணிக்கு எழுந்தார். குளித்து, உடையை இஸ்திரி போட்டு, சான்றிதழ்க் கோப்பை எடுத்து வைத்ததுவரை எல்லாம் சீராகவே சென்றன. 7.50 மணிக்கு, முகவரியை உறுதிசெய்துகொள்ள அழைப்புக் கடிதத்தைத் திறந்தபோது இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் தெரியவந்தன. கைபேசியில் மின்னூட்டம் மிகவும் குறைந்திருந்தது. கடிதத்தின் இரண்டாம் பக்கம் மூலச் சான்றிதழ்களோடு இரண்டு தொகுதி நகல்களையும் கேட்டிருந்தது. அவரிடம் இருந்தது ஒரு தொகுதிதான். கைபேசியை மீண்டும் மின்னேற்றியில் மாட்டிவிட்டு, வீட்டிலிருந்த அச்சுப்பொறியில் நகல் எடுக்க முயன்றார். மை காய்ந்திருந்த அந்த இயந்திரத்தோடு 24 நிமிடம் போராடி, 8.14 மணிக்குக் கைவிட்டார். கலைந்த தாள்களை அடுக்கி, கறைபட்ட கையைக் கழுவி, சட்டைக் கையின் ஓரத்தில் பட்ட மையைத் துடைத்து, 8.29 மணிக்கு வீட்டை விட்டு இறங்கினார். அப்போது மின்னூட்டம் 41 சதவீதம்.

நிலையத்தின் நடைமேடையை 8.40 மணிக்கு அடைந்தபோது 8.38 ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது 8.50க்கு வர வேண்டியது, 8.54க்கு வந்தது. 9.13க்கு இறங்கி, 9.19க்குப் பேருந்தில் ஏறினார். இரவுக் கணக்கில் 16 நிமிடமாக இருந்த அந்தப் பேருந்துப் பயணம் காலை நெரிசலில் 28 நிமிடம் எடுத்தது. வழியில், 9.41 மணிக்கு, ஒருங்கிணைப்பு அலுவலரை அழைத்தார். 9.47க்கு இறங்கி நடந்தார், 9.52க்குக் கைபேசி அணைந்தது. வரைபடத்தில் பார்த்த திசையை நினைவில் வைத்து 9.55க்கு அவர் சென்று நின்றது நிறுவனத்தின் முதன்மைக் கட்டடத்தில். நேர்காணல் நடந்ததோ பின்தெருவில் உள்ள இணைப்புக் கட்டடத்தில். அங்கே செல்ல 7 நிமிடம். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் எழுதி மின்தூக்கிக்குக் காத்திருந்து நான்காம் தளத்தை அடைய இன்னொரு 7 நிமிடம்.

52 நிமிடம் எங்கிருந்து வந்தது

இரவு 10.40க்குப் பார்க்கப்பட்ட பயண நேரம் இரவு 10.40க்கான பயண நேரமே. புறப்படும் நேரத்தை மாற்றிக் கொடுக்காதவரை, வரைபடச் செயலி அந்தக் கணத்தில் சாலை இருக்கும் நிலையையே காட்டும். காலியான சாலையில் 16 நிமிடம் ஓடும் பேருந்து, எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் 28 நிமிடம் எடுப்பதில் வியப்பில்லை. அதே தேடலை, மறுநாள் காலை 9.30க்கு வந்து சேர வேண்டும் என்று குறிப்பிட்டுச் செய்திருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

ஆனால் செயலியின் மீது பழியைப் போடுவது போதாது. 52 என்ற எண்ணை அவர் சந்தேகிக்காமல் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது அவருக்கு மட்டும் உரியதல்ல. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடும்போது மனிதர்கள் கடந்தகால அனுபவத்தை ஒதுக்கிவிட்டு, இந்த முறை எல்லாம் திட்டப்படி நடக்கும் காட்சியையே மனத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் எழுதினார்கள். திட்டமிடல் பிழை என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1994இல் ரோஜர் பியூலர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள். உண்மையில் சராசரியாக 55.5 நாள் ஆனது. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 48.6 நாள். மிக மோசமான நிலை என்று கற்பனை செய்ததைக் காட்டிலும் நடப்பு நீண்டுவிட்டது என்பதே அந்த ஆய்வில் என் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி. நம் விண்ணப்பதாரரின் 23 நிமிடக் கையிருப்பும் அப்படிக் கற்பனை செய்யப்பட்ட எச்சரிக்கைதான்.

அந்தக் கையிருப்பு குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். எனினும் அது எத்தனை இணைப்புகளைத் தாங்க வேண்டியிருந்தது என்று பாருங்கள்: நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குப் புறப்படுவது, ரயில், பேருந்து, இடத்தைக் கண்டுபிடிப்பது என்று ஐந்து. ஒவ்வொன்றும் பத்தில் ஒன்பது நாள் சரியாக நடக்கும் என்றும், ஒன்றின் தவறு மற்றொன்றைப் பாதிக்காது என்றும் கொண்டால்கூட, ஐந்தும் ஒரே காலையில் சரியாக நடப்பதற்கான வாய்ப்பு 0.9ஐ ஐந்துமுறை பெருக்கினால் கிடைக்கும் 0.59தான். பத்தில் நான்கு காலைகளில் ஏதாவது ஒன்று பிசகும். நடைமுறையில் தவறுகள் ஒன்றையொன்று இழுத்தும் வருகின்றன. தாமதமாகப் புறப்பட்டவர் நெரிசல் மிகுந்த பேருந்தில் ஏறுகிறார். குறைந்த மின்னூட்டத்தோடு இறங்கியவர் வழி தேடும் கட்டத்தில் வரைபடத்தை இழக்கிறார்.

போக்குவரத்துப் பொறியியலில் பயணத்தின் நம்பகத்தன்மையை அளக்கச் சராசரி நேரத்தை மட்டும் நம்புவதில்லை; 95ஆம் சதமான நேரத்தையும் பார்க்கிறார்கள். இருபது பயணங்களில் பத்தொன்பது அந்த நேரத்துக்குள் முடியும் என்பது அதன் பொருள். அன்றாட வேலைக்குச் செல்பவருக்கு இது மாதத்தில் ஒரு நாள் தாமதமாவதற்குச் சமம். அதை எந்த அலுவலகமும் பொறுத்துக்கொள்ளும். நேர்காணலுக்குச் செல்பவரிடம் இருப்பது ஒரே பயணம். சராசரியை நம்பிப் புறப்பட அவருக்கு வசதி இல்லை.

இரண்டு நிமிடம் பன்னிரண்டு ஆனது

நடைமேடையை அவர் அடைந்தது ரயில் போய் இரண்டு நிமிடம் கழித்து. 12 நிமிடத்துக்கு ஒன்று என ஓடும் வழித்தடத்தில், இரண்டு நிமிடம் பிந்தியவரும் பதினொரு நிமிடம் பிந்தியவரும் ஒரே ரயிலில்தான் ஏறுவார்கள். கால அட்டவணைப்படி ஓடும் வண்டியில் தாமதம் படிப்படியாக ஏறுவதில்லை. ஒரு கணம்வரை இழப்பே இல்லை, அதைத் தாண்டினால் முழு இடைவெளியும் இழப்பு. ஆகவே வீட்டில் கழியும் எல்லா நிமிடங்களுக்கும் ஒரே மதிப்பில்லை. 8.29க்குப் பதிலாக 8.26க்கு இறங்கியிருந்தால் அவருக்கு 8.38 ரயில் கிடைத்திருக்கும். அது அட்டவணைப்படி வந்திருந்தால், மறு முனையில் 8.56க்கு இறங்கியிருப்பார், உண்மையில் இறங்கிய நேரத்தைவிட 17 நிமிடம் முன்னதாக. வீட்டில் மூன்று நிமிடம், பாதையில் பதினேழு. கடிகாரத்தில் 8.15 என்ற எண்ணைக் குறித்துவைத்திருந்தாரே தவிர, எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவர் குறித்துவைக்கவில்லை.

அந்த மூன்று நிமிடமும் அதற்கு மேலும் அச்சுப்பொறியில் போயிற்று. ஒரு குறை தெரிந்தவுடன் அதைச் சரிசெய்ய முனைவது இயல்பு. அதுவும் பொறுப்புள்ளவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். ஆனால் இரண்டு குறைகள் அப்போது எதிரெதிரே நின்றன. நகல் இல்லாத குறை சென்று சேர்ந்த பிறகும் தீர்க்கக்கூடியது. நேரத்துக்குச் சென்று சேராத குறை அப்படிப்பட்டதல்ல. அவர் 24 நிமிடம் முயன்றும் எடுக்க முடியாத நகல்களை, அன்று ஒருங்கிணைப்பு அலுவலர் அலுவலக நகல் இயந்திரத்தில் ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துக் கொடுத்தார். “நகல் இல்லாமல் வருபவர்கள் ஒவ்வொரு முறையும் ஓரிருவர் இருப்பார்கள், அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை” என்றார். இதைக் கேட்டபோது விண்ணப்பதாரர் வெகுநேரம் பேசவில்லை.

ஒரே கருவியில் எல்லாம்

அலாரம், அழைப்புக் கடிதம், முகவரி, வரைபடம், ரயில் பயணச்சீட்டு, அலுவலரின் தொலைபேசி எண், மணி பார்க்கும் கடிகாரம். இந்த ஏழும் ஒரே கைபேசியில் இருந்தன. பொறியியலில் பொதுக்காரணத் தோல்வி என்பார்கள்: தனித்தனிப் பாதுகாப்புகள் என்று நாம் நம்புபவை யாவும் ஒரே மூலத்தைச் சார்ந்திருந்தால், அந்த மூலம் போனவுடன் அனைத்தும் சேர்ந்து போகும். இங்கே சரியாகப் பொருந்தாத ஒரு செருகி, காலை 9.52க்கு ஒரே நேரத்தில் வழியையும் முகவரியையும் தொடர்புகொள்ளும் வாய்ப்பையும் பறித்தது.

அழைப்புக் கடிதத்தை ஒரு தாளில் அச்சிட்டோ, கட்டடம், தளம், தொலைபேசி எண் மூன்றையும் கையால் எழுதியோ சட்டைப்பையில் வைத்திருந்தால் மின்னூட்டம் தீர்ந்தது வெறும் அசௌகரியமாகவே முடிந்திருக்கும். இதை நான் பயிற்சியில் சொல்லும்போது இளைஞர்கள் பழங்கால அறிவுரையாகக் கருதுகிறார்கள். தாள் அணைந்துபோகாது என்பதைத் தவிர எனக்கு வேறு வாதம் இல்லை. அது போதுமான வாதம் என்றே நினைக்கிறேன்.

தெரிந்ததற்கும் தெரிவித்ததற்கும் இடையில்

இப்போது இந்த ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். விண்ணப்பதாரருக்குத் தாமதமாகும் என்பது எப்போது தெரிந்தது?

அவரிடம் இதைக் கேட்டபோது “பேருந்தில் நெரிசலில் நின்றபோது” என்றார். நேரங்கள் அப்படிச் சொல்லவில்லை. 8.40க்கு நடைமேடையில் நின்றபடியே அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: 8.50 ரயில், 18 நிமிடம், பேருந்து 16, நடை 8, ஆக 9.32. இரண்டு நிமிடத் தாமதத்துக்காக யாரையாவது அழைக்க வேண்டுமா என்று எண்ணி விட்டுவிட்டார். அந்த 9.32இல் ரயிலுக்கும் பேருந்துக்கும் இடையே காத்திருப்பு இல்லை, நெரிசல் இல்லை, வாயிற்காவலர் இல்லை, மின்தூக்கி இல்லை. இரவில் செய்த பிழையை அதே வடிவில் மீண்டும் செய்திருக்கிறார். இம்முறை அந்தப் பிழை அவர் அழைக்கத் தேவையில்லை என்றும் அவருக்குச் சொன்னது.

9.13க்கு ரயிலை விட்டு இறங்கியபோது ஐயத்துக்கு இடமில்லை. பேருந்து அக்கணமே வந்து காலியான சாலையில் ஓடினாலும் 9.37. அப்போதும் அவர் அழைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரு குறுஞ்செய்தியைத் தட்டச்சு செய்தார், மன்னிப்பும் விளக்கமுமாக அது நீண்டுகொண்டே போனது, திருத்தினார், பேருந்து வந்ததும் அழித்துவிட்டார். 9.41 வரை அலுவலகத்துக்கு எதுவும் தெரியாது. தாமதமாகலாம் என்று தெரிந்ததிலிருந்து 61 நிமிடம். உறுதியாகத் தெரிந்ததிலிருந்து 28 நிமிடம்.

ஏன் இந்த மௌனம் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. முன்கூட்டியே சொன்னால் தாமதமாக வருபவர் என்ற முத்திரை முதலிலேயே விழுந்துவிடும். எப்படியாவது நேரத்துக்குப் போய்விட்டாலோ சொல்ல வேண்டிய அவசியமே இராது. இதில் சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை மட்டுமே இருந்தது. அந்தக் கவலையே அவருக்கு அதிகச் சேதம் செய்தது என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துகிறது.

மேசையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஒருங்கிணைப்பு அலுவலர் அன்று 8.45 முதல் இருக்கையில் இருந்தார். அவருடைய கைபேசி எண் கடிதத்தில் இருந்தது. 10.25க்கு அழைக்கப்பட வேண்டிய இரண்டாம் நபர் 9.10க்கே வந்துவிட்டார். நேர்காணல் வரிசைப் பட்டியல் 9.30க்குத்தான் குழுவின் மூவரிடமும் கொடுக்கப்பட்டது. “9.30க்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரையும் இடம் மாற்றியிருப்பேன். குழுவுக்கு அது தெரிந்தே இருக்காது” என்று அலுவலர் சொன்னார். அதாவது 9.13க்குப் பேசியிருந்தால்கூட, 10.09க்கு வந்து சேர்ந்தவர் 10.25க்கு நேர்காணலுக்குச் சென்றிருப்பார். 25 நிமிடமும் கிடைத்திருக்கும். தாமதம் என்ற செய்தி கோப்பில் ஏறியிருக்காது. அதே ரயில், அதே பேருந்து, அதே தவறான கட்டடம், ஆனால் வேறு நேர்காணல்.

9.41க்கு அவர் அழைத்தபோதும் நிலைமையை ஓரளவு மீட்டிருக்கலாம். “வந்துகொண்டே இருக்கிறேன், மேடம், ரொம்ப மன்னிக்கணும்” என்றார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அலுவலர் கேட்டார். “இதோ, பத்து நிமிடத்தில்” என்றார். அது கணக்கிட்டுச் சொன்னதல்ல. எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தச் சொன்னது. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி அலுவலர் வரிசையை மாற்றாமல் விட்டார், குழுவிடமும் அப்படியே சொன்னார், மூவரும் 10.05 வரை காலி நாற்காலிக்கு எதிரே காத்திருந்தார்கள். முதல் தாமதத்துக்கு ரயிலைக் காரணம் காட்டலாம். சொன்ன நேரத்துக்கு வராத இரண்டாம் தாமதத்துக்கு அப்படிக் காட்ட எதுவும் இல்லை. குழுவின் நினைவில் நின்றது அதுதான்.

சொல்ல வேண்டியிருந்தது மிகச் சிறியது: “நான் இன்று 10 மணி நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர். ரயிலைத் தவறவிட்டதால் 10.15 மணிக்கு வந்து சேர்வேன். இயலுமானால் அடுத்தவரை முன்னதாக அழைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.” யார், எப்போது வருவார், என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் உள்ளன. காரணம் அரை வரியில் முடிகிறது. நேரம் மட்டும் மிகச் சிறந்த நிலையைக் கணக்கிட்டுச் சொல்லப்படாமல், மோசமான நிலையைக் கணக்கிட்டுச் சொல்லப்பட வேண்டும். 10.15 என்று சொல்லி 10.09க்கு வருபவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர், 9.51 என்று சொல்லி அதே 10.09க்கு வருபவர் தவறியவர்.

அறைக்குள் என்ன சென்றது

வந்து சேர்ந்தவரிடம் “உட்காருங்கள், சொல்கிறோம்” என்றார்கள். அழைப்பார்களா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று தெரியாத நிலையில் இரண்டு மணி நேரம். பெயர் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை.

12.10க்குக் குழு கொடுத்த செயல்முறை வினா, வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது, அதாவது நிறுவனத்தின் கணக்கேட்டையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டு வேறுபாட்டுக்குக் காரணம் காட்டுவது. வழங்கப்பட்டும் வங்கிக்கு வந்து சேராத ஒரு காசோலையை அவர் விட்டுவிட்டார், தொகை பொருந்தவில்லை, எங்கே பிழை என்று தேடித் தேடி நேரம் முடிந்தது. அதே வினாவை என் முன்னிலையில் அவர் நிதானமாக, பிழையின்றி முடித்தார். பதற்றம் மிகும்போது மனம் கவனிக்கும் குறிப்புகளின் எல்லை சுருங்குகிறது என்று உளவியலாளர் ஜே. ஏ. ஈஸ்டர்புரூக் 1959இல் விளக்கினார். ஒற்றைப் பணிக்கு இந்தச் சுருக்கம் சில வேளை உதவும்; பல பதிவுகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பணியில் அதுவே தடையாகிறது. 9.55க்கு முதன்மைக் கட்டட வாயிலில், இணைப்புக் கட்டடத்துக்கு அம்புக்குறி காட்டிய பலகையைக் கடந்து உள்ளே சென்றவரும், 12.10க்கு ஒரு காசோலை வரியைக் கடந்துபோனவரும் ஒரே நிலையில் இருந்தவர்தான்.

நிறுவனத்தின் பக்கம்

வேலை தேடுபவரின் ஒழுங்கைப் பற்றி எழுதுபவர்கள் அழைக்கும் நிறுவனத்தின் ஒழுங்கைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இது நியாயமல்ல. அழைப்புக் கடிதத்தின் மேற்பகுதியில் அச்சிடப்பட்டிருந்தது முதன்மைக் கட்டடத்தின் முகவரி. நேர்காணல் இணைப்புக் கட்டடத்தில் என்பது இரண்டாம் பக்கத்தில், நகல்கள் பற்றிய பத்திக்கும் கீழே இருந்தது. அன்று வந்த ஆறு பேரில் இன்னொருவரும் முதலில் முதன்மைக் கட்டடத்துக்கே சென்றிருக்கிறார். அவரிடம் நேரம் இருந்ததால் அது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நேர்காணலை 15 நிமிடமாகக் குறைத்ததும் கேள்விக்குரியது. குழு உறுப்பினர் ஒருவருக்கு 12.30க்கு வேறு பணி இருந்தது என்பது உண்மை. ஆனால் எல்லோரிடமும் ஒரே வினாக்களை ஒரே முறையில் கேட்டு மதிப்பெண் இடுவதில்தான் நேர்காணலின் பயன் இருக்கிறது. 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பணித்திறனை முன்கூட்டிச் சொல்வதில் அப்படிக் கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் செல்லுபடித்தன்மை (நேர்காணல் மதிப்பெண் பணித்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.51 ஆகவும், கட்டமைக்கப்படாததன் மதிப்பு 0.38 ஆகவும் இருந்தன. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் மறுகணக்கிட்டபோது இரு எண்களும் குறைந்தாலும், கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் முன்னிலை மாறவில்லை. ஐவரிடம் கேட்ட வினாக்களில் பாதியளவே ஆறாமவரிடம் கேட்டுவிட்டு, ஆறு மதிப்பெண்களையும் ஒரே பட்டியலில் எழுதினால், அந்தப் பட்டியலில் ஓர் எண் மற்றவற்றோடு ஒப்பிடத் தக்கதல்ல. தாமதமாக வந்தவரை நேர்காண மறுப்பது ஒரு முடிவு. முழு நேரம் கொடுப்பது இன்னொரு முடிவு. பாதி கொடுத்து முழுதாக மதிப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மாற்றியவை

இந்த ஆய்வுக்குப் பின் விண்ணப்பதாரரோடு சேர்ந்து அடுத்த நேர்காணலுக்கான பயணத்தைத் திட்டமிட்டோம். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் விளக்கிய ஒரு முறையைப் பயன்படுத்தினோம். திட்டம் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று பின்னோக்கிக் காரணங்களை எழுதுவது அது. என்ன பிசகலாம் என்று கேட்டபோது அவருக்கு மூன்று காரணங்கள் தோன்றின, “நீங்கள் ஏற்கெனவே 40 நிமிடம் தாமதமாகிவிட்டீர்கள், ஏன்?” என்று கேட்டபோது பத்துக்கும் மேல் எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை முந்தைய மாலையே தீர்க்கக்கூடியவையாக இருந்தன: கடிதத்தைக் கடைசி வரிவரை படிப்பது, நகல்கள், உடை, மின்னேற்றம், தாளில் முகவரி. மீதமிருந்தவை பயணத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்காக, நேரத்துக்குப் பதிலாக ஒரு ரயிலைக் குறித்தோம். அதற்கு முந்தைய ரயிலில் செல்வது என்று முடிவானது. குறித்த ரயிலும் தவறினால் நடைமேடையில் நின்றபடியே அனுப்ப வேண்டிய செய்தி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டு, முந்தைய இரவே எழுதி வைக்கப்பட்டது. மன்னிப்பை எத்தனை வரியில் கேட்பது என்று அந்தப் பதற்றத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பு அலுவலரும் தம் பங்குக்கு அழைப்புக் கடிதத்தைத் திருத்தியிருக்கிறார். நேர்காணல் நடக்கும் கட்டடமும் தளமும் இப்போது முதல் பக்கத்தின் முதல் வரியில் உள்ளன. அதற்குக் கீழே அவருடைய எண்ணும், தாமதமாகும் என்று தெரிந்தால் 9.30க்கு முன் அழைத்தால் வரிசை மாற்றித் தரப்படும் என்ற ஒரு வாக்கியமும் சேர்க்கப்பட்டுள்ளன.